அந்தக் கேள்வியைத் தனியே கேளுங்கள்: அவசரச் சிகிச்சைப் பிரிவுகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் அவசரச் சிகிச்சைப் பிரிவுத் தலைமை மருத்துவர்களுக்கும்,

வணக்கம். நெஞ்சு வலியோடு வரும் இளைஞரிடம் கொக்கைன் பழக்கம் உண்டா என்று விசாரிக்க வேண்டும் என்பது நீங்கள் அறியாததன்று. அதை எங்கே வைத்து, யார் முன்னிலையில், எந்தக் குரலில் விசாரிக்கிறீர்கள் என்பதைப் பற்றியே இந்த மடலை எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு நள்ளிரவில் என் தம்பியை அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு சென்றோம். வியர்த்துக் கொட்டியது, நெஞ்சில் பாரம் வைத்து அழுத்துவது போல் இருக்கிறது என்றான். அம்மா, அப்பா, நான், பக்கத்துப் படுக்கைக்காரரின் உறவினர்கள் என எல்லோரும் சூழ்ந்து நிற்கையில், பணியிலிருந்த மருத்துவர் உரத்த குரலில், “போதைப் பழக்கம் ஏதாவது உண்டா?” என்று கேட்டார். தம்பி அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு “இல்லை” என்றான். அந்த “இல்லை” அப்படியே மருத்துவக் குறிப்பில் ஏறியது. முதல் இசிஜியில் பெரிய மாற்றம் தெரியாததாலும் வயது குறைவு என்பதாலும், வாயுத் தொல்லையாக இருக்கும் என்று மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மாலை அவனை மாரடைப்போடு அதே கட்டிலுக்குத் தூக்கி வந்தோம்.

இரண்டாம் முறை ஒரு செவிலியர் எங்களை வெளியே நிற்கச் சொல்லித் திரையை இழுத்து மூடினார். “வைத்தியம் மாறும், அதற்காகத்தான் கேட்கிறேன். உங்கள் வீட்டாரிடம் நான் சொல்ல மாட்டேன்” என்றாராம். தம்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பல ஆண்டுகளாக நாங்கள் கேட்டும் வராத பதில், அந்த அம்மையாருக்குச் சில நிமிடங்களில் கிடைத்தது.

வைத்தியம் மாறும் என்று அவர் சொன்னது வெறும் ஆறுதல் வார்த்தை அன்று. கொக்கைன் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஒருசேர ஏற்றிவிட்டு, இதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களையே இறுகச் செய்கிறது; இரத்தம் உறைவதையும் தூண்டுகிறது. பயன்படுத்திய முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் வழக்கத்தைவிட 24 மடங்கு உயர்வதாக 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் குழாய்களில் கொழுப்பு படிவது விரைவுபடுகிறது, இதயத் தசை தடித்துப் பின்னர் தளர்கிறது. மதுவும் சேர்ந்தால் கல்லீரலில் கோகாஎத்திலீன் என்ற பொருள் உருவாகிக் கொக்கைனைவிட நீண்ட நேரம் உடலில் தங்குகிறது. இத்தகைய நோயாளிக்குப் பதற்றத்தைத் தணிக்கும் பென்சோடயாசெபைன், ஆஸ்பிரின், இரத்தக் குழாய்களை விரிக்கும் நைட்ரோகிளிசரின் ஆகியவற்றோடு பல மணி நேரக் கண்காணிப்பும் மறு இசிஜியும் தேவை. இதயத் துடிப்பைக் குறைக்க வழக்கமாகத் தரும் பீட்டா பிளாக்கர் மருந்தைக் கொடுக்கும் முன் இருமுறை யோசிக்க வேண்டும். இவையெல்லாம் நீங்கள் கற்றவை, நான் கட்டிலருகே உட்கார்ந்து தெரிந்துகொண்டவை. எனினும் பொய்யான ஒரு “இல்லை” குறிப்பில் இருக்கும்வரை உங்கள் கல்வி என் தம்பிக்குப் பயன்படாது.

அவன் மூக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூங்கும்போது மூச்சோடு சேர்ந்து மெல்லிய விசில் ஒலி கேட்கும். காலையில் தலையணை உறையில் இரத்தத் துளிகளும் காய்ந்த பொருக்குகளும் இருக்கும். வாசனை தெரியாமல் போய், அடுப்பில் பால் தீய்ந்தாலும் அருகிலேயே நிற்பான். ஒவ்வாமை என்றும் சைனஸ் என்றும் சொட்டு மருந்துகள் வந்துகொண்டே இருந்தன. உறிஞ்சிய தூள் இரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சுருக்கி, மூக்கின் நடுச்சுவரில் உள்ள குருத்தெலும்பை உயிரற்றதாக்கி ஓட்டை போட்டிருந்தது. அந்த ஓட்டை வழியே காற்று போனதுதான் விசில். விளக்கடித்துப் பார்த்த ஒருவராவது, வீட்டாரை வெளியே அனுப்பிவிட்டு அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தூக்கமின்மை, எடை குறைவு, கதவுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்ற சந்தேகம், தோலுக்கடியில் பூச்சி ஊர்வதாகக் கையைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டது எல்லாமே அவன் உடலில் எழுதியிருந்தன.

இப்போதும் அலைக்கழிப்பு முடியவில்லை. இதயப் பிரிவில் மனநல மருத்துவரைப் பாருங்கள் என்கிறார்கள். மனநலப் பிரிவில் முதலில் இதயம் சீராகட்டும் என்கிறார்கள். பழக்கத்தை நிறுத்தாமல் மூக்குக்கு அறுவைச் சிகிச்சை பயனளிக்காது என்பது நியாயமே, ஆனால் நிறுத்துவதற்கு எங்கே போக வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. கொக்கைனை விடுவதற்கென ஒப்புதல் பெற்ற மாத்திரை எதுவும் இல்லாததால், பேச்சுவழிச் சிகிச்சையும், போதையின்றி இருப்பதற்குச் சிறு வெகுமதி தந்து ஊக்குவிக்கும் முறையுமே கைகொடுக்கின்றன. மண்டையோட்டுப் படம் போட்ட சுவரொட்டிகள் உங்கள் வரவேற்பறைச் சுவரெங்கும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றிலாவது உதவி கேட்டு வருபவன் எந்த அறைக்குப் போக வேண்டும் என்று எழுதியிருக்கக் கூடாதா? பயமுறுத்துவதற்குக் கிடைக்கும் இடம், வழி சொல்வதற்குக் கிடைக்காமல் போவது எனக்குப் பெரும் கோபத்தைத் தருகிறது.

கோபம் ஒருபுறம் இருக்கட்டும், கோரிக்கைக்கு வருகிறேன். அவசரப் பிரிவின் நெருக்கடியும் ஆள் பற்றாக்குறையும் எனக்குத் தெரியும். நான் கேட்பது புதுக் கட்டடமோ புதுக் கருவியோ அன்று. நெஞ்சு வலி, வலிப்பு, பக்கவாதம், காரணம் தெரியாத மூக்கு இரத்தக் கசிவு என்று வரும் ஒவ்வொருவரிடமும் போதைப் பொருள் பற்றிய கேள்வியை உறவினர்களை விலக்கிவிட்டுத் தனியே கேட்க வேண்டும் என்று எழுத்துவடிவில் ஆணையிடுங்கள். பதில் எவ்வளவு தூரம் இரகசியமாக இருக்கும் என்பதைக் கேட்பதற்கு முன்பே நோயாளிக்குச் சொல்லுங்கள். ஆம் என்று சொன்னவரை, வீடு திரும்பும் முன் போதை மீட்புச் சிகிச்சையாளர் ஒருவரிடம் நேரில் ஒப்படையுங்கள். இந்த மூன்றையும் அடுத்த பணிநேர அட்டவணை வெளியாகும்போதே நடைமுறைப்படுத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிகிச்சையில் இருக்கும் ஒருவனின் அக்கா