குடல் புற்றுநோய்: ஃபார்மலினில் தவறினால் ரிப்போர்ட்டும் தவறும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தாராபுரத்தில் பயாப்ஸி, கோவையில் அறுவை சிகிச்சை, ஈரோட்டில் ரத்தப் பரிசோதனை என்று குடல் புற்றுநோயாளிகள் அலைகிறார்கள். நோய் திரும்புமா என்று கணிக்க உதவும் இரண்டு புரதச் சோதனைகள் இந்த அலைச்சலில் வீணாகின்றன.

முதலாவது, குடல் கட்டி ரத்தத்தில் விடும் ஒரு புரதத்தை அளக்கும் சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை. அறுவைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஒப்பிட அந்த எண் இல்லாவிட்டால் பின்னால் வரும் எண்களுக்கு அர்த்தம் குறைவு. மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமைத் தாண்டியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். கட்டி முழுதாக அகன்றிருந்தால் 4 முதல் 6 வாரத்துக்குள் அளவு இயல்புக்கு இறங்கிவிடும். இறங்காவிட்டால் எங்கோ மிச்சம் இருக்கிறதா என்று ஸ்கேனில் தேட வேண்டும். கருவிக்குக் கருவி எண் மாறும் என்பதால் கடைசிவரை ஒரே லேபில் எடுங்கள். பீடி, சிகரெட், கல்லீரல் கோளாறு, கீமோவின் தொடக்க வாரங்கள் ஆகியவற்றாலும் இது ஏறும். ஒரு தடவை ஏறியதும் பதற வேண்டாம், மறுபடி எடுத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவதில்தான் பிழை அதிகம். எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 என்ற, மரபணு நகலில் வரும் பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்க்கிறோம். ஏதேனும் ஒன்று இல்லையென்றால், நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவாத இரண்டாம் நிலை நோயில் அது பெரும்பாலும் நல்ல செய்தி: திரும்பும் வாய்ப்பு குறைவு, கேப்சிடபைன் என்ற கீமோ மாத்திரை மட்டும் கொடுப்பதால் பலனும் இல்லை. வேறு உறுப்புகளுக்குப் பரவிய நான்காம் நிலையில், உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபிக்கு வழி திறக்கிறது.

ஆனால் வெட்டிய குடலைத் திறக்காமல் குறுகிய வாய் டப்பாவில் திணித்து, மேலாகக் கொஞ்சம் ஃபார்மலின் (திசுவைக் கெடாமல் காக்கும் திரவம்) ஊற்றி அனுப்புகிறார்கள். ஃபார்மலின் மணிக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும். அதற்குள் நடுப்பகுதி கெட்டு, இருக்கும் புரதமும் இல்லாததுபோல் தெரியும். ஒரு மணி நேரத்துக்குள் குடலை நீளவாக்கில் திறந்து, திசுவைப்போல் 10 மடங்கு 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் மூழ்கவைக்க வேண்டும். இந்தப் புரதங்கள் எப்போதும் இருக்க வேண்டிய அருகிலுள்ள ரத்த வெள்ளணுக்களிலேயே சாயம் ஏறாத ஸ்லைடை வைத்து 'புரதம் இல்லை' என்று எழுதக் கூடாது. மலக்குடலுக்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தால் அதற்கு முந்தைய பயாப்ஸியில் பார்ப்பதே சரி, பிறகு எம்.எஸ்.எச்.6 மங்கிவிடும்.

பயாப்ஸி செய்த இடத்தில் ரிப்போர்ட்டோடு, திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்குங்கள். எம்.எஸ்.எச்.2 இல்லையென்று வந்தால் பரம்பரைக் காரணம் இருக்கக்கூடும். உடன்பிறந்தவர்களும் வளர்ந்த பிள்ளைகளும் மரபணு ஆலோசனைக்குப் போக வேண்டும்.

– திசுப் பரிசோதனை மருத்துவர்கள், ஈரோடு