கத்தியது விளக்குக்கு, காசு போனது வேறு வழியில்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வேலையை விட்ட பிறகு கை சுருங்கிவிட்டது, எதைக் குறைப்பது என்றே புரியவில்லை என்று எழுதியிருந்தாய். போன வருடம் நானும் இதே இடத்தில்தான் நின்றேன். உபதேசம் வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் எல்லா அப்பாக்களும் செய்வதைத்தான் செய்தேன். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் கத்தினேன். வீட்டில் நிம்மதி போனதுதான் மிச்சம், கரண்ட் பில் அசையவில்லை. ஒருநாள் மகள் பேப்பரும் பேனாவுமாக எதிரே வந்து உட்கார்ந்தாள். எங்கள் எல்இடி பல்பு 9 வாட். அது ஒரு யூனிட் கரண்ட் இழுக்க 111 மணி நேரம் எரிய வேண்டும். குளியலறை ஹீட்டர் 2000 வாட். அதே ஒரு யூனிட்டை அரை மணி நேரத்தில் முடித்துவிடும். வெந்நீர் ஷவரின் கீழ் நின்று நாலு பழைய பாட்டுப் பாடாமல் வெளியே வராத ஆள் யாரென்று உனக்கே தெரியும். இப்போது ஒரு பாட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அன்றைக்குத்தான் ஒரு நோட்டு வாங்கினேன். ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பத்திரிகையாளர் 1904லேயே வீட்டுக் கணக்குக்கென்று தனி நோட்டு அச்சிட்டு வெளியிட்டாராம். ககெய்போ என்று அதற்குப் பெயர். இதுவும் மகள் சொன்னதுதான். போனில் எழுத ஆயிரம் வசதி இருக்கலாம். ஆனால் கையால் எழுதும்போது, வாங்கிய பொருளை இன்னொரு தடவை முகம் பார்க்க வேண்டியிருக்கிறது. சில வரிகளை எழுதவே எனக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டு மாதம் எதையும் குறைக்கவில்லை, எழுத மட்டும் செய்தேன். வாடகை, மளிகை, மருந்து, பயணம் என்று கட்டம் போட்டு, கடைசியில் 'இதர' என்று ஒரு சின்னக் கட்டம். மாத முடிவில் பார்த்தால் மளிகைக்கு அடுத்தபடி கொழுத்திருந்தது அந்த இதரதான்! பிரித்துப் பார்த்தோம். முதல் மாதம் இலவசம் என்று எப்போதோ சேர்ந்த சந்தா ஒன்று, பதினாலு மாதமாகத் தானாகவே வங்கிக் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது. வீட்டில் ஒருவரும் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. நீ இன்றைக்கே உன் பாஸ்புக்கை எடுத்து உட்கார். மாதாமாதம் ஒரே தேதியில் ஒரே தொகை போகிறதா என்று பார். மற்றதெல்லாம் அப்புறம்.

பிரிட்ஜ் விஷயம் என் மனைவியின் இலாகா. பழையதை முன்வரிசைக்கு இழுத்து வைத்துவிட்டுத்தான் புதிதாக வாங்கியதை உள்ளே வைக்க வேண்டும் என்பது அவள் சட்டம். அந்தச் சட்டம் வந்த நாளில், பின்பக்கத்தில் ஒரு டப்பா கிடைத்தது. மூடியைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே குப்பைக்குப் போயிற்று. வாங்கிய காசு, சமைத்த எரிவாயு, அதைக் குளிர்வித்த கரண்ட் எல்லாம் சேர்ந்துதான் போயிற்று.

குழாய் ஒன்று நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகிக்கொண்டிருந்தது. கீழே லிட்டர் மக்கை வைத்துப் பார்த்தேன், ஒரு மணி நேரம் சொச்சத்தில் நிரம்பிவிட்டது. ஒரு நாளைக்கு 20 லிட்டருக்கு மேல்! வாஷர் மாற்றப் பத்து நிமிடம் ஆனது. அதைத் தள்ளிப்போட்டது எத்தனை மாதம் என்று கேட்காதே.

பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று நம்பாதே. நூறு கிராமுக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்த்துவிட்டு எடு. ஆனால் செருப்பில் சிக்கனம் பிடிக்காதே. மலிவென்று வாங்கி ஒரே வருடத்தில் மூன்று ஜோடி அறுத்தவன் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. முதல் வேலையாகச் செய்தித்தாளை நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருந்தாய். காலையில் பேப்பர் இல்லாவிட்டால் நீ வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுவாய் என்று எனக்குத் தெரியாதா? நோட்டு எழுதுவதற்கு முன்பே அதை வெட்டிவிட்டாய். கண்ணுக்குத் தெரிந்த செலவு அது ஒன்றுதான் போலிருக்கிறது. திரும்பப் போடச் சொல். காசு வேறெங்கோ போய்க்கொண்டிருக்கும், தேடு.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது, அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. அதற்குள் உன் முதல் மாதக் கணக்கை எழுதி அனுப்பு. இதரவில் என்ன இருந்தது என்பதை மறைக்காமல் எழுத வேண்டும், சரியா?

உன்,
ரகு