காவேரிப்பட்டணத்து மாருதி 800-ஐ என்ன செய்வது?

கிருஷ்ணகிரி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. மாங்காய் சீசன் என்பதால் பட்டறையில் உட்கார நேரமில்லை. வருஷம் முழுக்கத் தூங்கிக் கிடந்த பிக்கப்பெல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான் கிளட்ச் போச்சு, பிரேக் போச்சு என்று வந்து நிற்கும். பகலில் கிரீஸ் கையோடு பேனா பிடிக்க முடியாது, ராத்திரி கண் மூடிக்கொள்ளும். இன்று மழை, மின்சாரமும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அப்பாவின் மாருதி 800, 2001 மாடல், இந்த வருஷம் ஆர்.சி., அதாவது பதிவு, முடிகிறது. "பழைய வண்டியை ஒப்படைத்தால் அரசாங்கம் பணம் தருகிறதாமே, அதைப் போட்டு அக்காவுக்குப் புது வண்டி எடுத்துவிடலாமா?" என்று எழுதியிருக்கிறாய். உன் மாமா யாரிடமோ கேட்டுவிட்டுச் சொன்ன விஷயம் என்று நினைக்கிறேன். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன்: அரசாங்கம் கையில் பணமாக எதுவும் தராது. 2009-இல் அமெரிக்காவில் பழைய வண்டிக்கு அரசாங்கம் காசு கொடுத்த திட்டத்தை நீ அனுபவித்தாயே, அதை மனதில் வைத்துக்கொண்டு இங்கே எதிர்பார்க்காதே.

அந்த வருஷம் நீ போனில் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பழைய ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரைக் கொடுத்துவிட்டு டொயோட்டா கொரோலா எடுத்தாய், விலையில் 4,500 டாலர் கழித்தார்கள். அந்தத் திட்டத்தில் அதிகம் பேர் கொடுத்ததும் அதே எக்ஸ்ப்ளோரர், அதிகம் பேர் வாங்கியதும் அதே கொரோலா என்று பிறகு படித்தபோது சிரித்துக்கொண்டேன். 100 கோடி டாலர் ஒதுக்கினார்கள், ஒரு வாரத்திலேயே காலி. இன்னும் 200 கோடி போட்டார்கள், ஆகஸ்ட் 24-ஆம் தேதியோடு கடையை மூடினார்கள். கிட்டத்தட்ட ஏழு லட்சம் வண்டிகள் உள்ளே போயின.

எனக்கு அதில் மறக்க முடியாதது அந்த இன்ஜின்களைச் செய்த வேலைதான். ஆயிலை வடித்துவிட்டு, அந்த இடத்தில் சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி, ஸ்டார்ட் செய்து 2,000 ஆர்.பி.எம்.மில் ஓடவிட வேண்டும் என்பது விதி. சூட்டில் தண்ணீர் ஆவியாகிவிடும், மிச்சம் கண்ணாடி மாதிரி இறுகி பேரிங்கைப் பிடித்துக்கொள்ளும். சில நிமிஷத்தில் இன்ஜின் நின்றுவிடும், அப்புறம் எவனாலும் எழுப்ப முடியாது. அதை வீடியோவில் பார்த்த அன்று எங்கள் பட்டறைப் பையன்கள் ஒருத்தனும் பேசவில்லை. ஆனால் அப்படிச் செய்ததற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஜெர்மனியிலும் அதே வருஷம் ஒன்பது வயது தாண்டிய வண்டிக்கு 2,500 யூரோ கொடுத்தார்கள். உடைக்க வேண்டிய வண்டிகளில் ஒரு பகுதி கப்பலேறி ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டதாகப் புகார் எழுந்தது. அமெரிக்காக்காரர்கள் அந்த வழியை அடைத்துவிட்டுத்தான் காசு கொடுத்தார்கள்.

சரி, இங்கே கவனி. உங்கள் அமெரிக்கத் திட்டத்தில் கொடுக்கும் வண்டி கேலனுக்கு 18 மைலுக்கு மேல் போகக் கூடாது. நம் கணக்கில் லிட்டருக்கு ஏழரைக் கிலோமீட்டர் சொச்சம். வாங்கும் புதுக் கார் 22 மைலாவது தர வேண்டும், அதாவது ஒன்பதரைக்குக் கொஞ்சம் குறைவு. அப்பாவின் 800 இந்த வயதிலும் ட்யூனிங் சரியாக இருந்தால் லிட்டருக்கு 15 கொடுக்கும். உங்கள் ஊரில் காசு கொடுத்து வாங்கச் சொன்ன புது வண்டியை விட நம் ஊர்ப் பழைய வண்டி பெட்ரோலைக் குறைவாகக் குடிக்கிறது! அதனால் 'எண்ணெய் குடிக்கும் பழைய கார்' என்ற பேச்சை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. நம்மிடம் பழைய வண்டியின் குறை புகை, பிரேக், துருப்பிடித்த பாடி.

நம் நாட்டுத் திட்டம் 2021-இல் வந்தது. பிப்ரவரி பட்ஜெட்டில் சொன்னார்கள், ஆகஸ்ட் 13-ஆம் தேதி பிரதமர் தொடங்கி வைத்தார். பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் வண்டியைக் கொடுத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் ஒன்று தருவார்கள். சலுகையெல்லாம் அந்தச் சான்றிதழைக் காட்டிப் புது வண்டி வாங்கும்போதுதான். சொந்த வண்டிக்கு வாகன வரியில் 25 சதவீதம் வரை, வாடகை வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் 15 சதவீதம் வரை தள்ளுபடி. அந்த 'வரை' என்ற சொல்லைக் கவனி. எவ்வளவு, எப்படி என்பது மாநிலத்தின் கையில். அப்புறம் பதிவுக் கட்டணம் தள்ளுபடி. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் காருக்கு அந்தக் கட்டணமே 600 ரூபாய்தான்.

கம்பெனிக்காரர்கள் தர வேண்டிய பங்கு ஒன்று உண்டு. ஐந்து சதவீதம் தள்ளுபடி தாருங்கள் என்று அரசு யோசனை சொன்னது, அவர்கள் மூன்று வருஷம் இழுத்தார்கள். 2024 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது கார் என்றால் ஒன்றரை சதவீதம் அல்லது 20,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. அதுவும் ஒரு வருஷத்துக்கு மட்டும். ஆறு லட்ச ரூபாய் வண்டியில் 9,000 ரூபாய். பிரிட்டனில் 2009-இல் 2,000 பவுண்டு கொடுத்தபோது பாதியைக் கம்பெனிகளின் தலையிலேயே கட்டினார்கள். இங்கே அந்தக் கண்டிப்பு இல்லை. ஆனால் 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி.யை 28-இலிருந்து 18-ஆகக் குறைத்தார்களே, அதில் அதே ஆறு லட்ச வண்டிக்கு ஐம்பதாயிரம் போலக் குறைந்தது. அதற்கு யாரும் பழைய வண்டியைக் கொண்டுவா என்று கேட்கவில்லை. வாங்குகிறவன் எதைப் பார்த்து ஷோரூமுக்குப் போவான், நீயே சொல்.

நம் ஊர் ஆயுள் வரிப்படி ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம். ஆறு லட்சத்துக்கு 78,000. அதில் கால் பங்கு முழுதாகக் கிடைத்தால் 19,500. ஷோரூமில் எல்லாம் உண்டு என்று தலையாட்டுவார்கள். வாயால் சொன்னதை நம்பாதே, விலைப்பட்டியலில் தனி வரியாக எழுதிக் கேள்.

எனக்கு இந்தத் திட்டத்தில் மனம் ஒப்பாதது எங்கே என்றால், இது ஏற்கெனவே புது வண்டி வாங்க முடிவு செய்துவிட்டவனுக்குக் கொடுக்கும் சலுகை. பழைய வண்டியை வேறு வழியில்லாமல் ஓட்டுகிறவன் இதற்குள் வரவே மாட்டான். உன் அமெரிக்காவிலும் அந்த ஆகஸ்டில் எகிறிய விற்பனை அடுத்தடுத்த மாதங்களில் அதே அளவுக்கு இறங்கிவிட்டது, எப்படியும் வாங்க இருந்தவர்கள் கொஞ்சம் முன்னாலேயே வாங்கினார்கள் என்றுதான் பொருளாதாரக்காரர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

போன வாரம் பர்கூர் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். சொந்தத் தோப்பு ஒன்றரை ஏக்கர், மற்ற நாளில் வாடகைக்கு ஓட்டுவார். டீசல் பிக்கப், பதினெட்டு வருஷ வண்டி. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பின்னால் பைக்கில் வருகிறவன் தெரிய மாட்டான், அவ்வளவு கரும்புகை. இன்ஜெக்டர் நாலும் ஒழுகல், பம்ப்பைக் கழற்றி டீசல் லேபுக்கு அனுப்ப வேண்டும். "இதை உடைப்புக்குக் கொடுத்துவிட்டு வேறு எடுங்களேன்" என்றேன். அவர் சிரித்தார். புது பிக்கப் பத்து லட்சம் போல ஆகிறது. பெங்களூரா ரக மாங்காய்க்கு இந்த வருஷம் கூழ் ஆலைக்காரர்கள் சொல்லும் விலையில் பறிகூலியும் ஏற்றுகூலியும் போக என்ன நிற்கும்? அவருக்கு வரியில் 15 சதவீதம் குறைத்து என்ன ஆகப் போகிறது? வட்டியில்தான் கை வைக்க வேண்டும். முன்பணத்துக்கு உதவ வேண்டும். தினமும் நூறு கிலோமீட்டர் புகை கக்கும் அந்த ஒரு வண்டியை மாற்ற வைத்தால், கொட்டகையில் சும்மா நிற்கும் எத்தனையோ 800-களை உடைப்பதை விட ஊருக்கு லாபம். கடைசியில் இரண்டு இன்ஜெக்டரை மட்டும் மாற்றி, மீதியைச் சுத்தம் செய்து போட்டுக் கொடுத்தேன். புகை பாதியாகக் குறைந்தது. அவரிடம் இருந்த காசுக்கு அவ்வளவுதான் முடிந்தது.

திட்டத்தில் நல்லதே இல்லை என்று சொல்ல மாட்டேன். டெல்லியில் செய்த மாதிரி டீசல் வண்டிக்குப் பத்து வருஷம், பெட்ரோலுக்குப் பதினைந்து என்று வயதைப் பார்த்து ஒரே வெட்டாக வெட்டவில்லை. தகுதிச் சோதனையில் தேறினால் ஓடலாம் என்பதுதான் அடிப்படை, அது சரியான முறை. அரசாங்க வண்டிகளைப் பதினைந்து வருஷத்துக்கு மேல் புதுப்பிக்கக் கூடாது என்று 2023 ஏப்ரல் முதல் கொண்டுவந்தார்களே, அதையும் வரவேற்கிறேன். நாம் படிக்கிற காலத்தில் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்ற ஜீப்பை நினைத்துப் பார், ஓட்டுநர் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டணம் போய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். சாவி அக்காதான் எடுத்துக் கொடுத்தார். பேட்டரி போய்விட்டது, அது பெரிசில்லை. எலி வயரிங்கைக் கடித்திருக்கிறது, டயர் நாலும் வெடித்துக் கிடக்கிறது. இன்ஜினில் குறையில்லை, கையால் சுற்றிப் பார்த்தேன், இறுகவில்லை. ஆனால் டிரைவர் பக்கத்துக் கால்மிதி விரிப்பைத் தூக்கினேன், அடித்தகடு இல்லை, தரை தெரிகிறது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினால் பக்கத்துக் கம்பியும் உதிர்கிறது. மழைக்கு ஒழுகும் கொட்டகையில் அத்தனை வருஷம் நின்றால் வேறு என்ன ஆகும்? தகடு வெட்டி வெல்டிங் வைத்து, டிங்கரிங், பெயின்ட், டயர், வயரிங் எல்லாம் சேர்த்தால் எண்பதாயிரத்தைத் தொடும். இருபது வருஷம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் இப்போது 10,000 ரூபாய், அது தனி. பழைய வண்டிக்குப் போடும் பசுமை வரியும் உண்டு. அவ்வளவு போட்டாலும் அக்காவையும் பேரனையும் அதில் உட்காரவைத்துத் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஓட்டிப் போக நான் சம்மதிக்க மாட்டேன்.

அதனால் கொடுத்துவிடு. சலுகைக்காக இல்லை, அடித்தகடுக்காக.

கொடுக்கிற இடம் முக்கியம். நம் காயலான் கடைக்காரர் ஒருவர் இப்போதே வண்டியைக் கண்ணில் வைத்திருக்கிறார், அக்காவிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டாராம். இரண்டாயிரம் அதிகம் தருகிறேன் என்பார். வேண்டாம். அவர் உடைத்துப் போட்டாலும் பதிவு உயிரோடு இருக்கும், வேறு வண்டியில் அந்த TN 29 நம்பர் ஓடினால் போலீஸ் அப்பா பெயரைத் தேடித்தான் வரும். வண்டி ஒழிந்தால் பதினான்கு நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவு சொல்கிறது. பதிவு பெற்ற நிலையத்தில் கொடுத்தால் அந்த ரத்து வேலையும் சேர்ந்து முடிந்துவிடும். கையில் வருவது எடைக்கு எடை இரும்பு விலைதான். மொத்தமே 650 கிலோ வண்டி, ரொம்ப எதிர்பார்க்காதே.

அக்காவுக்கு வண்டி விஷயத்தில் என் யோசனை வேறு. மாதத்துக்கு நாலு தடவை கோயில், ஆஸ்பத்திரி, எப்போதாவது தருமபுரி. இதற்கு ஆறு லட்சம் எதற்கு? 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்ததெல்லாம் பி.எஸ்.-6, புகை விதி கடுமையானது. அதில் குறைவாக ஓடிய செகண்ட் ஹேண்ட் ஒன்று மூன்றரைக்குள் கிடைக்கும், நானே பார்த்து எடுத்துக் கொடுக்கிறேன். புகையும் குறைவு, ஏர்பேக்கும் இருக்கும். ஒரே சங்கடம், செகண்ட் ஹேண்டுக்கு அந்தச் சான்றிதழ் செல்லாது. புதுசு வாங்கினால்தான் சலுகை என்று வைத்துவிட்டார்கள். ஆனால் சான்றிதழை வீணாக்க வேண்டியதில்லை, புது வண்டி எடுக்கும் வேறு ஒருவருக்கு மாற்றிக் கொடுத்துக் காசாக்கிக்கொள்ள வழி இருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஓசூரில் வேலை, இந்த ஆவணியில் கார் எடுக்கிறான். அவனிடம் பேசிப் பார்க்கிறேன்.

ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில் இருப்பதால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அக்காவின் கையெழுத்து, உன் கையெழுத்து எல்லாம் வேண்டும். வாரிசுச் சான்றிதழ் நகல் பீரோவில் இருக்கிறதாம், அக்கா தேடி வைக்கிறேன் என்றார். நீ ஆகஸ்டில் வருவதாக இருந்தால் அதுவரை வண்டியை அப்படியே விட்டுவைக்கிறேன். வர முடியாதென்றால் அங்கேயே தூதரகத்தில் அத்தாட்சி வாங்கி ஒரு பவர் பத்திரம் எழுதி அனுப்பு. எது என்று சீக்கிரம் சொல், ஆர்.சி. தேதி நெருங்குகிறது.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். என் பெரியவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது, தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறாள். வருகிறபோது நட்டை அளவாக முறுக்க எனக்கு ஒரு நல்ல டார்க் ரெஞ்ச் வாங்கி வா, காசு கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
சண்முகம்