பட்டாபி வசனம் தேடிக் கொடுத்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் பள்ளத்தூரில் எங்கள் அய்யாவின் (தாத்தா) எண்பது வயதுச் சாந்தி நல்லபடியாக முடிந்தது. சமையல், பூ, பந்தல் என்று ஓடியவர்களுக்கெல்லாம் அப்பச்சி (அப்பா) தனித்தனியாகப் போன் போட்டு நன்றி சொல்லிவிட்டார். இது அதில் விட்டுப்போனவர்களுக்கு, அதாவது ஒரே ஒரு வசனத்துக்காக என்னோடு சேர்ந்து அலைந்தவர்களுக்கு.

சன் டிவியில் வந்த ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’ தொடரின் பட்டாபியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எம்.எஸ்.பாஸ்கர். காது மந்தம், ஒன்று சொன்னால் வேறொன்றாகக் காதில் வாங்கிக்கொண்டு அதற்கு அத்தனை நம்பிக்கையாகப் பதில் சொல்வார். சிரிப்பு வந்ததே அந்த நம்பிக்கையால்தான் என்பது என் கட்சி. அய்யாவுக்கும் அந்தச் சமயத்தில்தான் காது மங்க ஆரம்பித்தது. அப்பத்தா அன்றைக்கு வைத்த பட்டாபி என்ற பெயர் இன்றைக்கும் எங்கள் வளவில் (வீட்டு முற்றம்) செல்லுபடியாகிறது. 2025 ஆகஸ்டில் ‘பார்க்கிங்’ படத்துக்காக பாஸ்கருக்குச் சிறந்த துணை நடிகர் தேசிய விருது அறிவித்தபோது அய்யாவுக்குத்தான் வாழ்த்து வந்து குவிந்தது.

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடமான பட்டாபி வசனம் ஒன்று உண்டு. “கேபிள் காசு கேக்குறாங்க!” என்று ஒருத்தர் கத்துவார். “கேப்பைக் கூழுக்கு யாராவது காசு கேப்பாங்களா? ஒரு சொம்பு சும்மா குடுக்கச் சொல்லு!” இதைச் சாந்தி அன்று சாயங்காலம் வளவில் திரை கட்டிப் போட்டுக் காட்ட ஆசைப்பட்டேன்.

முதல் நன்றி தேவகோட்டை அத்தைக்கு. “மேல்மாடி அலமாரியில சித்தப்பா கல்யாண கேசட் இருக்கும், அதுல பாரு” என்றார். கல்யாண கேசட்டில் பட்டாபிக்கு என்ன வேலை என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அடுத்தது காரைக்குடி டிவி மெக்கானிக் அண்ணனுக்கு. கேசட்டின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூசணம். அஞ்சு ஸ்க்ரூவையும் கழற்றி, நாடாவைக் கையால் சுற்றிச் சுற்றி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அரை நாள் துடைத்தார். துடைக்கும்போது கேசட்டின் முதுகைக் காட்டிச் சிரித்தார்: மேலே யாரும் ரெக்கார்ட் செய்துவிடக் கூடாதென்று உடைத்துவிடுவார்களே, அந்தச் சின்னப் பல், அது உடைந்திருந்தது, ஆனால் அந்த ஓட்டையின் மேல் மறுபடி ரெக்கார்ட் ஆகும்படி யாரோ அக்கறையாக செல்லோடேப் ஒட்டியிருந்தார்கள்.

ஆக, சாந்தி அன்று சாயங்காலம் திரையில் திருப்பூட்டு (தாலி கட்டுவது) நடக்கிறது, கெட்டிமேளம், எல்லாரும் கையைத் தூக்குகிறார்கள், திரை ஒரு வெட்டு வெட்டுகிறது, பட்டாபி உட்கார்ந்திருக்கிறார். அதற்கப்புறம் கல்யாணமே இல்லை. முன்வரிசையில் இருந்த சித்தி கோபப்படாமல் விழுந்து விழுந்து சிரித்ததற்கு அவருக்குத் தனி நன்றி. செல்லோடேப் ஒட்டியது யார் என்று சித்தப்பா மூன்று தரம் கேட்டார். அய்யா காது கேட்காத மாதிரியே இருந்தார்.

கடைசிவரை பார்த்தோம், கேப்பைக் கூழ் வரவே இல்லை. வேறென்னவோ சொல்கிறார், அதுவும் நல்ல சிரிப்புதான், ஆனால் நம்முடையது இல்லை. அப்போதுதான் அத்தை, “அடேய், அது பட்டாபி சொன்னதில்லடா. இந்த ரெக்கார்டிங் ஓடிக்கிட்டிருந்தப்ப கேபிள்காரர் வாசல்ல வந்து நின்னாரு, அய்யா சொன்னது” என்றார். இருபது வருஷமாக ஊரெல்லாம் நாங்கள் பாஸ்கர் கணக்கில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம்! இதே வசனம் தனக்கும் ஞாபகம் இருப்பதாக அடித்துச் சொன்ன கோட்டையூர் நண்பர்களே, உங்களுக்கும் நன்றி, எப்படி ஞாபகம் இருந்தது என்று மட்டும் நேரில் சொல்லுங்கள்.

அய்யா காதருகில் போய் விஷயத்தைக் கத்தினேன். “அந்த ஆளுக்கு அந்த மாசக் காசு இன்னும் பாக்கி” என்றார்.

படம் வேண்டுமென்றால் பென்டிரைவோடு வீட்டுக்கு வாருங்கள். அப்புறம், திருப்பூட்டுக்குப் பிந்தைய கல்யாணம் யார் வீட்டுக் கேசட்டிலாவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், சித்தி கேட்கிறார்.