பொள்ளல் கட்டி

வெள்ளவத்தை,
நவம்பர் 24

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். பின்னேரமானால் இடியும் மழையும். கோச்சித் தண்டவாளத்துக்கு அங்கால் கடல் மட்டும் சத்தமில்லாமல் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ போனைத் திருப்பிக் கனடாவின் சேர்ச்சில் கரையைக் காட்டினாயே, அதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. நவம்பர் முடியப்போகிறது, அந்த ஹட்சன் குடா இன்னும் உறையாமல் கறுப்பாக அலைகிறது. 1980களோடு பார்த்தால் அங்கே ஐஸ் இல்லாத காலம் ஏறத்தாழ ஒரு மாதம் கூடிவிட்டதாம். சீல் பிடிக்கத் துருவக் கரடிக்கு ஐஸ் வேண்டும். அது வரும்வரை விரதம்தான். மேற்குக் கரைக் கரடிகளை 2016இல் 842 என்று மதிப்பிட்டார்கள், 2021இல் 618.

காரணம் ஐஸ் பக்டரியில் கிடந்த எனக்கு விளங்காமல் இல்லை. வெள்ளை ஐஸ் வெயிலைத் திருப்பி அனுப்பும், கறுத்த தண்ணீர் குடித்துவிடும். ஐஸ் முந்திக் கரைந்தால் கோடை முழுக்கக் குடித்த சூட்டை ஆறவிட்டுத்தான் கடல் மறுபடி உறையும். (மேல்வீட்டு அன்ரி, அந்த ஐஸ் கரைந்தால் எங்கள் கோச்சிப் பாதை தாழும் என்று பயப்படுகிறா. மிதக்கிற ஐஸ் கரைந்து கடல் உயராது, கிரீன்லாந்தின் தரை ஐஸ்தான் உயர்த்தும் என்று ஒரு கிளாஸ் தேசிக்காய்த் தண்ணீரில் காட்டினேன். நம்பவில்லை.)

நான் சொல்ல வந்தது வேறு. 1996இல் மழை பொய்த்து மணிக்கணக்கில் கரண்ட் வெட்டினார்கள், நினைவிருக்கா? முகத்துவாரம் பக்டரியில் அப்போது நாங்கள் எடுத்த ஐஸ் கட்டிகள் பார்வைக்கு முழுசு. டின்னில் ஐஸ் ஓரத்திலிருந்துதான் உள்ளே வளரும். நேரம் காணாவிட்டால் நடுவில் தண்ணீர் நிற்கும். மீன்காரப் பெடியன் ஒருவன் கொக்கியால் ஒன்றை இழுத்தான், கட்டி உடைந்து தண்ணீர் அவன் காலில் கொட்டியது. பொள்ளல் கட்டி என்று அதற்கு நாங்களே பெயர் வைத்தோம்.

பிந்தி உறைகிற குடாவும் அப்படித்தான். மேலே வெள்ளையாகத் தெரியும், வளர நாள் கிடைத்திராது. பனி விழுந்து மூடினால் இன்னும் மோசம். நாங்கள் கட்டிக்கு மரத்தூள் போட்டது உருகாமலிருக்க. அங்கே அதே மூடல் கீழே குளிர் இறங்க விடாது. உப்பு ஐஸ் நல்லதண்ணீர் ஐஸைவிடப் பலமும் குறைவு. ஆகவே, போன வருஷம் இந்தத் தேதியில் ஐஸில் நடந்தோம் என்ற கணக்கு வேண்டாம். அந்த ஊர் வேட்டைக்காரர் கோலால் குத்திப் பார்த்துக் கால் வைத்த பிறகு நீ வை.

இன்னொன்று. வடக்கே வருஷக்கணக்காய்க் கிடக்கிற ஐஸ் உப்பைக் கீழே வடித்துவிட்டுக் குடிக்கத் தக்கதாகுமாம். உன் குடா கோடைக்குக் கோடை முழுசாய் உருகுகிறது, எப்போதும் புது ஐஸ்தான். உறைந்ததும் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கரிக்கிறதா என்று எழுது.

அப்பா