பைப்பைத் தடவிப் பார்த்தேன்

அன்புள்ள அம்மிணி,

நீ விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டர் கூட்டை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து வைத்து நாலு நாளாகிறது. வெளித்தோற்றம் எப்படி இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கப்பா என்று கேட்டிருந்தாய். "பாதியில் நிறுத்திய கிரில் வேலை மாதிரி இருக்குது" என்றாள் உன் அம்மா. எனக்கும் முதல் நாள் அப்படித்தான் தோன்றியது. நேற்றுதான் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

கூட்டின் பேர் இன்வின் டி-ஃபிரேம் மினி. தைவான் கம்பெனி, பைக் சேசிஸைப் பார்த்துச் செய்தது என்று சொன்னாய். சரிதான். வழக்கமான பெட்டி தகடு மடித்துச் செய்வது. இதில் பாரம் முழுக்க அலுமினியப் பைப்பின் மேல்.

முப்பது வருசம் பைப் வளைத்தவன், கை நேராக வளைவுக்குத்தான் போனது. அவசரப்பட்டு வளைத்தால் உள்பக்கம் சுருக்கம் விழும், வெளிப்பக்கம் சப்பையாகிவிடும். பெயிண்டுக்கு அடியில் ஒளிந்தாலும் விரல் கண்டுபிடித்துவிடும். ஒரு வளைவிலும் எனக்கு எதுவும் தட்டுப்படவில்லை. அப்புறம் ஜாயிண்ட். இரும்பு சூடேறினால் சிவந்து முன்னாலேயே சொல்லிவிடும். அலுமினியம் நிறம் மாறாமல் கல்லுளிமங்கன் மாதிரி இருந்து, பொசுக்கென்று ஓட்டை விழும். 660 டிகிரியில் உருகுகிற சாமான். மேலே படிந்த ஆக்சைடு தோல் மட்டும் 2000 டிகிரியிலும் உருகாது. ஆர்கன் வெல்டிங்கில் அந்தத் தோலை உடைத்துக்கொண்டே, அடியில் இருப்பதை ஓட்டை போடாமல் போகவேண்டும். இதைப் பற்றவைத்தவன் கை நிதானமான கை. மீன் செதில் மாதிரி சீராகப் போயிருக்கிறது. அதைத் தேய்த்து மழுப்பாமல் விட்டதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

பக்கவாட்டுக் கண்ணாடி டெம்பர்டு கண்ணாடி. நடுவில் தட்டினால் தாங்கும், ஓரத்தில் பட்டால் பொடிப்பொடியாகிவிடும். கழற்றினால் வெறும் டைல்ஸ் தரையில் சாய்க்காதே, சாக்கு விரித்து வை.

சிறிசு என்று வாங்கியிருக்கிறாய். அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. 2001-இல் வியா கம்பெனி கொண்டுவந்த மினி ஐடிஎக்ஸ் அளவு மதர்போர்டுதான் இதற்குள் போகும்; 17 சென்டிமீட்டர் சதுரம், உன் அம்மா சாணுக்குள் அடங்கிவிடும். ஆனால் அதற்குக் கரண்ட் கொண்டுபோகிற 24 பின் ஒயர், பெரிய கம்ப்யூட்டருக்குப் போகிற அதே தடி ஒயர். மூடின பெட்டியென்றால் பின்னால் திணித்துக் கதவைச் சாத்திவிடலாம். இங்கே ஒளிக்க இடமில்லை. இத்தனை அழகாக வளைத்த பைப்புக்கு நடுவில் ஒயர் கொசகொசவென்று தொங்கினால், பார்க்கிறவன் கண் அங்கேதான் நிற்கும். அளவுக்கு வெட்டித் தைத்த ஒயர் கிடைக்குமாமே, கண்ணாடிக்கடைத் தம்பி சொன்னான். காசைப் பார்க்காமல் வாங்கு. பைப் போகிற வழியிலேயே ஒயரையும் கொண்டுபோ.

கூடு எனக்குப் பிடித்திருக்கிறது. வைக்கிற இடம்தான் யோசனை. முந்தாநாள் ராத்திரி மேல் பைப்பில் ஒரு பல்லி உட்கார்ந்திருந்தது. அம்மா என் பழைய வேட்டியைப் போர்த்தி வைத்திருக்கிறாள். அங்கே ரோட்டுப் பக்கம் ஜன்னல் என்றாயே, தூசி நேராக ஃபேனில்தான் படியும். ஓடும்போது துணி போட்டுவிடாதே, சூடாகிவிடும்.

அடியில் இருக்கிற ரப்பர் கொஞ்சம் கெட்டிப்பட்டிருக்கிறது. ஒன்றைக் கழற்றி அளவெடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடைவீதி போகும்போது நாலும் வாங்கிவிடுகிறேன்.

அப்பா