கூடார முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, கடலோரச் சவுக்குத் தோப்புகளில் வார இறுதி முகாம் நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்த முதல் சனிக்கிழமை ராத்திரி நடந்தது உங்களுக்குத் தெரியும். தலைக்கு 1,500 ரூபாய் கட்டி வந்த பதினாறு பேருக்கும் தெரியும். எந்தக் குழு என்று நான் எழுதப்போவதில்லை. அப்புறம் விசாரித்ததில், மற்றவர்களும் ஏறக்குறைய இப்படித்தான் நடத்துகிறீர்கள் என்று தெரிந்தது. கேட்க வந்தது ஒன்றுதான். முதல் தடவை கூடாரத்தில் தங்க வருகிறவர்களிடம் பணம் வாங்கும் முன்பே, அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்.

நீங்கள் எதுவுமே அனுப்பவில்லை என்று சொன்னால் அது பொய். வாட்ஸப்பில் ஒரு பட்டியல் வந்தது. கூலிங் கிளாஸ், தொப்பி, சாயங்காலப் போட்டோவுக்கு வெள்ளை உடுப்பு, காலைப் போட்டோவுக்கு வேறு நிறம். டார்ச் இல்லை. மாற்றுத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்து வாருங்கள் என்று ஒரு வரி இல்லை. ஐப்பசியில் அடைமழை என்று சின்னப் பிள்ளையும் சொல்லும் ஊரில், மழை என்ற சொல்லே அந்தப் பட்டியலில் இல்லை.

என் அம்மாவுக்கு 67 வயது. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புக் காவலுக்குப் போகும் தாத்தாவோடு போய்ப் படுத்து வளர்ந்தவர். எங்களுக்கு ஒதுக்கிய இடத்தைப் பார்த்ததுமே, "இது தண்ணி ஓடுற தடம்டி. சருகெல்லாம் ஒரே பக்கமா ஒதுங்கிக் கெடக்குது பாரு. கொஞ்சம் மேடாப் போடச் சொல்லு" என்றார். சொன்னேன். உங்களிடம் வேலை பார்க்கும் தம்பி சிரித்துக்கொண்டே, "ஆன்ட்டி, இது வாட்டர்ப்ரூஃப்" என்றார்.

வாட்டர்ப்ரூஃப்தான், ஒப்புக்கொள்கிறேன். மேலேயிருந்து ஒரு சொட்டு விழவில்லை. கூடாரத்துக்கு அடியில் ஒரு நீலத் தார்ப்பாய் விரித்திருந்தீர்கள். கூடாரத்தைவிடப் பெரியது, நாலு பக்கமும் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஒரு மணி வாக்கில் மழை பிடித்ததும், கூடாரத்தின் மேல் வழிந்த தண்ணீர் மணலில் இறங்க வழியில்லாமல் அந்தத் தார்ப்பாயில் விழுந்து, நேரே எங்கள் முதுகுக்கு அடியில் வந்து தேங்கியது. அடிவிரிப்பு கூடாரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் ஓரத்தை அடியில் மடக்கிவிட வேண்டும். விஷயம் இவ்வளவுதான். நான் இதை மறுநாள்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் இதையே தொழிலாகச் செய்கிறவர்கள்.

முதலில் முதுகு சில்லிட்டது. கையை ஊன்றினால் தரைத்துணி தளும்பியது. நாங்கள் அசைய அசையத் தையல் வழியாகக் கசிய ஆரம்பித்தது. என் ஒன்பது வயது மகள் திடுக்கிட்டு எழுந்து, "அம்மா, கடல் உள்ள வந்துடுச்சா?" என்று கேட்டாள். 2004-க்குப் பிறகு எங்கள் கரையில் அது விளையாட்டுக் கேள்வி இல்லை. டார்ச் இல்லாமல், போன் வெளிச்சத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அம்மா விடியும்வரை ஒரு பிளாஸ்டிக் சேரில், குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். மூட்டுவலிக்காரர். பட்டியலில் இல்லாமலே அவர் கொண்டுவந்திருந்த ஜமக்காளம் மட்டும்தான் கொஞ்ச நேரம் எங்களைக் காப்பாற்றியது, அதுவும் நனைகிறவரை. பொறுப்பாளர் அந்நேரம் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கினார்.

இன்னொன்று. மழையில் அணைந்துவிடக்கூடாது, குளிருக்கும் இதமாக இருக்கும் என்று பார்பிக்யூ கரி அடுப்பைப் பக்கத்துக் கூடாரத்துக்குள் தூக்கி வைத்தீர்கள். அந்தக் குடும்பத்தில் ஒருவர் நர்ஸ். சத்தம் போட்டு வெளியே எடுக்கவைத்தார். கரி நெருப்பு விடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. அடைத்த இடத்தில் தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொண்டுபோய்விடும். இதைப் பற்றி மரியாதையாக எழுத எனக்கு வரவில்லை, அதனால் இத்தோடு விடுகிறேன்.

கடல் பார்க்க வந்தவர்களுக்குக் கடல் சத்தம் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவோ என்னவோ, பதினொரு மணிவரை ஸ்பீக்கர் வேறு. பங்குனி ஆமை முட்டையிட ஏறும் மாதங்களிலும் கரையைப் பார்த்து ஃபோகஸ் லைட் போடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். 2011 டிசம்பர் 30-இல் தானே புயலும் 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சலும் ஏறி வந்தது இந்தக் கரையில்தான். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் மீன்பிடிக்கிறவர்கள் படகை மேலே இழுத்துக் கட்டுகிறார்கள். நீங்கள் 'மழையில் கேம்பிங், மறக்க முடியாத அனுபவம்' என்று போஸ்டர் போடுகிறீர்கள். மறக்க முடியாது என்பது மட்டும் உண்மை.

சரி, எங்கேயோ போய்விட்டேன். அந்த ஒரு பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லையென்றால் நானே சொல்கிறேன், காசு வேண்டாம். சொந்தக் கூடாரம் வாங்கி வருகிறவர்கள் அதை ஒரு ராத்திரி மொட்டைமாடியில் போட்டுப் படுத்துப் பார்க்கட்டும். எந்தக் கம்பி எதில் நுழையும் என்று இருட்டில் கற்றுக்கொள்ள முடியாது. தென்னைக்கு அடியில் போடக்கூடாது, நிழல் நன்றாக இருந்தாலும் காய் விழும். மணலில் சாதாரண முளை பிடிக்காது. ஒரு பையில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டி ஆழப் புதைத்தால்தான் கடற்காற்றுக்குத் தாங்கும். மழைக்குப் பயந்து எல்லாத் திறப்பையும் அடைத்துவிட்டால் மூச்சுக்காற்றே உள்ளே வியர்த்து ஒழுகும், வலை ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். ஆனால் வாசல் வலையின் ஜிப்பை மூடியே வைக்க வேண்டும். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும், தரையில் படுத்திருக்கிறவர்களைத்தான் அதிகம் கடிக்கும். காலையில் செருப்பை உதறிவிட்டுப் போட வேண்டும். அப்புறம், பெண்களுக்குக் கழிப்பறை எங்கே, எத்தனை அடி தூரம், ராத்திரி விளக்கு எரியுமா? இதைப் பணம் கட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்த நாலு பெண்களை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருத்தி.

அந்தத் தம்பி மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் அந்தப் பக்கத்தை முதலில் அவரிடம் கொடுங்கள். அடுத்த முகாமுக்குப் பணம் வாங்குவதற்கு முன்னால் வருகிறவர்களுக்கும் கொடுங்கள். தயவுசெய்து, தமிழில்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். காயப்போடுகிறோம் என்று உங்கள் வேன் மேல் விரித்த அம்மாவின் ஜமக்காளம் அப்படியே வேனோடு போய்விட்டது. சிவப்பில் பச்சைக் கோடு போட்டது. மஞ்சக்குப்பம் பக்கம் வரும்போது கொடுத்துவிட்டால் போதும். ஈரமாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
முதல் தடவை வந்த ஒருத்தி